அப்பா போகட்டும், தம்பி

ஆத்தங்குடி,
மார்கழி, டிசம்பர் 2009

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மழை விட்டுவிட்டது, காலையில் நல்ல பனி. பிள்ளையார் நோன்புக்காக வளவு வீடுகளுக்கெல்லாம் வெளியூரில் இருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தெருவில் கார் சத்தம் கேட்கிறது.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போன் வந்தால் அப்பா பக்கத்தில் நிற்பார். நீயும் என்னைப் பேச விடமாட்டாய். அதனால் எழுதுகிறேன், முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன தடவை பேசும்போது உனக்கு இரண்டு கோபம் இருந்தது. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் இத்தனை காலம் ஃபெராரியின் சிவப்பு வண்டி ஓட்டிய உன் ஷூமாக்கர், ஓய்வில் இருந்து திரும்பி மெர்சிடிஸ் வண்டியில் ஏறப் போகிறார் என்பது முதல் கோபம். "அந்த வெள்ளி வண்டியில் அவரைப் பார்க்க என்னால் முடியாதும்மா" என்றாய். உன் குரலே மாறிவிட்டது. அடுத்தது அப்பா கீழத்தெருத் தரைக்கல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னது. "அது எதிர்ப் பட்டறை, ஊர் என்ன சொல்லும், நான் பணம் அனுப்பவில்லையா" என்று கேட்டாய். எனக்கு இரண்டும் ஒரே கோபமாகத்தான் தெரிகிறது. அதனால் உன் ஷூமாக்கரை வைத்தே உன்னிடம் பேசுகிறேன். அவரைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தானே நானும் கற்றுக்கொண்டேன்.

அவர் ஃபெராரிக்கு என்ன கடன் பட்டிருக்கிறார், நீயே சொல். 1979இல் ஜோடி ஷெக்டர் ஜெயித்ததற்கு அப்புறம் அந்த அணியில் ஒருவருக்கும் சாம்பியன் பட்டம் கிடைக்கவில்லை. பெனட்டனில் இரண்டு பட்டம் வாங்கிய கையோடு, ஜெயிக்கவே முடியாத வண்டி என்று எல்லாரும் சொன்ன வண்டியில் 1996இல் போய் ஏறினார். 1999இல் சில்வர்ஸ்டோனில் கால் உடைந்தது. கால் கூடியதும் மலேசியாவுக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் நின்று புறப்பட்டு, பட்டத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த தன் அணிக்காரர் எர்வைனுக்கு வழிவிட்டு அவரை ஜெயிக்க வைத்தார். அடுத்த வருஷத்தில் இருந்து வரிசையாக ஐந்து பட்டம். மொத்தம் 91 வெற்றி, அதில் 72 சிவப்பு வண்டியில்.

எனக்கு மறக்காதது 2003 இமோலா பந்தயம். அவருடைய அம்மா கோமாவில் கிடந்தார் என்று சனிக்கிழமை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், அவரும், அவரைப் போலவே பந்தயம் ஓட்டிய அவர் தம்பி ரால்ஃபும். பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால் அந்தம்மா போய்விட்டார். அண்ணன் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஓட்டி ஜெயித்தார், மேடையில் சாம்பேன் தெளிக்கவில்லை. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தம்மா கெர்பனில் கார்ட் வண்டித் திடலில் சாப்பாட்டுக் கடை பார்த்தவர், அவர் வீட்டுக்காரர் கொத்தனார் என்று நீதான் சொன்னாய். செங்கல்லும் சிமெண்டும் அள்ளிய கைதான் உன் சாம்பியனை வளர்த்தது. அதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

2006இல் மோன்சாவில் ஜெயித்த அன்றே விலகுகிறேன் என்றார். அவர் இடத்துக்கு ராய்க்கோனன் வருகிறார் என்று அதே நாளில் அறிவித்தார்கள். கடைசிப் பந்தயம் பிரேசிலில், தீபாவளி முடிந்த கையோடு வந்தது, ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து பார்த்தோம். டயர் பஞ்சராகிக் கடைசிக்குப் போனவர், ஒவ்வொருவராகத் தாண்டித் தாண்டி வந்து, முடியப் போகிற நேரத்தில் அந்த ராய்க்கோனனையே முதல் வளைவில் உள்பக்கமாக முந்தினாரே! நாலாம் இடம்தான். நீ தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாய். "இவ்வளவு ஓட்டுகிறவர் ஏன் நிறுத்துகிறார்" என்று அப்பா கேட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஜூலையில் ஹங்கேரியில் முன்னால் போன பாரிக்கெல்லோ வண்டியில் இருந்து ஒரு ஸ்பிரிங் கழன்று வந்து ஃபெராரி ஓட்டிய மாஸாவின் தலைக்கவசத்தில் அடித்தது. அவருக்குப் பதிலாக ஓட்ட ஃபெராரி கூப்பிட்டது, ஷூமாக்கர் வருகிறேன் என்றார். நீ சிங்கப்பூரில் இருந்து போன் போட்டுக் கத்தினாய், பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். வயதாகிவிட்டதே, பிள்ளைகுட்டிக்காரர் ஆயிற்றே, பிப்ரவரியில் மோட்டார் சைக்கிளில் விழுந்து கழுத்தில் அடிபட்டதே என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? முஜெல்லோவில் பழைய 2007 வண்டியை ஓட்டிப் பார்த்தார், கழுத்து தாங்கவில்லை, ஆகஸ்டில் வேண்டாம் என்றுவிட்டார். நீ இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்படியானால் அவர் திரும்பி வருவதில் உனக்கு வருத்தமே இல்லை தம்பி, வண்டியின் நிறத்தில்தான் வருத்தம்.

ஃபெராரியில் இப்போது அவருக்கு இடம் எங்கே இருக்கிறது? மாஸா குணமாகிவிட்டார், அலோன்சோவை எடுத்துவிட்டார்கள். ஒரு அணிக்கு இரண்டு வண்டிதான். ஆலோசகர் என்று கூட வைத்துக்கொண்டார்கள், மரியாதை கொடுத்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் ஓட்டத் தெரிந்தவருக்கு சுவரோரம் நின்று பார்ப்பது எப்படி இருக்கும்? மெர்சிடிஸ் பக்கம் கூப்பிடுகிறவர் ராஸ் பிரான். ஏழு பட்டத்திலும் கூட இருந்த ஆள். ஹோண்டா கைவிட்ட அணியைத் தூக்கி நிறுத்தி இந்த வருஷம் பட்டம் வாங்கியவர். போன மாதம் மெர்சிடிஸ் அந்த அணியை வாங்கியது, அங்கே ஓட்டிய ஜென்சன் பட்டன் மெக்லாரன் அணிக்குப் போய்விட்டார், புதிதாக எடுத்த ரோஸ்பெர்க் பக்கத்தில் ஒரு இருக்கை காலியாக இருக்கிறது. அதோடு மெர்சிடிஸ் அவருக்கு அந்நியமும் இல்லை. சின்ன வயதில் அவர்களுடைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியவர். 1991இல் ஸ்பாவில் ஜோர்டன் வண்டியில் முதல்முதலாக ஏறுவதற்குப் பணம் கட்டியதே அவர்கள்தான். உன் நோட்டில் நீயே வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாய், நேற்று எடுத்துப் பார்த்தேன். மெர்சிடிஸுக்குப் போக வாய்ப்பு அதிகம் என்று ஷூமாக்கரே தன்னிடம் சொன்னதாக ஃபெராரி தலைவர் மான்டெசெமோலோ பேசியிருக்கிறாராம். சொல்லிவிட்டுப் போகிறவரைத் துரோகி என்று எப்படிச் சொல்வது?

நம்ம பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தையே எடுத்துக்கொள். பெரிய மாட்டுப் பிரிவில் இந்த வருஷம் ஒரு ஊர்க்காரர் வண்டியை ஓட்டின சாரதி, அடுத்த வருஷம் வேறு ஊர்க்காரர் மாட்டுக்குக் கயிறு பிடிக்கிறார். சாலையோரம் நிற்கிற சனம் அவரைப் பார்த்து விசில்தான் அடிக்கிறது.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

உனக்கு இங்கே நடந்தது முழுதாகத் தெரியாது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பழையபடியே புதுப்பிக்கிறார்கள். பட்டாலைக் கூடத்தில் ஓடு ஒழுகி, ஒரு மூலையில் தரைக்கல் எல்லாம் பெயர்ந்துபோய்விட்டது. அந்தப் பூ, அந்தச் சிவப்பு, அந்தக் கறுப்புக் கோடு எல்லாம் பழைய கல்லோடு சேர வேண்டும். வேலையை எடுத்திருப்பது கீழத்தெருப் பட்டறை. பையன்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், சிவப்பு செங்கல் மாதிரி பளீரென்று வந்துவிட்டது, கோட்டோரம் சாயம் கசிந்திருக்கிறது. அப்புறம்தான் முதலாளி நேரில் வந்தார். நம் திண்ணையில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "அண்ணே, நீங்க வந்து கலந்து கொடுத்தாப் போதும்" என்றார்.

அப்பா வேலை செய்து நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மேலே சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்குவார். சின்னக் கரண்டியில் சாயக் கலவையை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார், பச்சை ஒரு கட்டத்தில், மஞ்சள் ஒரு கட்டத்தில். அச்சைத் தூக்குகிற அந்த நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. கை கொஞ்சம் ஆடினாலும் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகத் தூக்குவார். மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தி மட்டம் செய்வார். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, வெயில் பட்டதும் கண்ணாடி தானாகக் கழன்று வரும். பாலிஷ் எதுவும் கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கலவை கெட்டியா தண்ணியா என்பதை அப்பா கரண்டியைச் சாய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். இதை எழுதி வைத்த காகிதம் எதுவும் இல்லை.

தோள்பட்டை வலி தாங்காமல்தான் நிறுத்தினார். பழைய முதலாளி வேட்டி துண்டு போட்டு, மோதிரமும் போட்டு அனுப்பினார். குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கிற அப்பாவை நீ பார்க்கவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். ஓரத்தில் குனிந்து பெருவிரலால் தடவி, "இது நம்ம கல்" என்பார். கேட்க யாரும் இருக்க மாட்டார்கள், நான்தான் இருப்பேன்.

கீழத்தெருக்காரர் வந்துபோன மறுநாள் அப்பா முதலில் பழைய முதலாளியிடம்தான் போனார். "என்கிட்ட இப்ப அந்த மாதிரி வேலை இல்ல, நீ போய்ச் செஞ்சு குடு, நம்ம ஊர்ப் பேருதானே" என்று அவர் சொல்லிவிட்டார். ஆக, பட்டறைக்காரருக்கே இல்லாத ரோஷம் உனக்கு வந்திருக்கிறது. உன் பாசத்தில் வருகிறது, எனக்குத் தெரியும். அப்பா வேலை செய்த இடத்தை "நம்ம பட்டறை" என்று சொல்லியே வளர்ந்த பிள்ளை நீ. ஆனால் நீ அனுப்புகிற பணம் அரிசிக்கும் மருந்துக்கும் ஆகும் தம்பி. காலையில் எழுந்து போக ஒரு இடம் வேண்டும் என்ற அவர் தவிப்புக்கு அது என்ன செய்யும்?

போனால் ஜெயித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, இரண்டு பேருக்குமே. முன்பு ஃபெராரியில் சாம்பியனான லவுடா 1979இல் பந்தயத்தையே விட்டுவிட்டுப் போய், ஃபெராரிக்குப் போட்டியான மெக்லாரனில் 1982இல் திரும்பி வந்து, 1984இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வாங்கினார். ப்ராஸ்டும் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு வில்லியம்ஸில் வந்து நாலாவது பட்டம் வாங்கினார். ஆனால் ஆலன் ஜோன்ஸ் திரும்பி வந்து ஒன்றும் ஆகவில்லை. மான்செல் 1995இல் மெக்லாரன் வண்டிக்குள் உடம்பே நுழையாமல், வேறு வண்டி கட்டிக் கொடுத்தும் இரண்டு பந்தயத்தோடு போய்விட்டார். ஷூமாக்கருக்கு ஜனவரியில் 41 ஆகப் போகிறது. முன்னே மாதிரி நாள் முழுக்க ஃபெராரியின் ஃபியோரானோ திடலில் ஓட்டிப் பழக இப்போது விதி விடாது. நடுவில் பெட்ரோல் ஊற்றுவதும் வரும் வருஷம் கிடையாது, டாங்க் நிறைய கனத்தோடு புறப்பட வேண்டும். 24 வயசுப் பையன் ரோஸ்பெர்க் அவருக்கு முன்னால் முடிக்கலாம். முடிக்கட்டும். அந்த 91ஐ யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? அவர் ஓட்ட ஆசைப்படுகிறார், ஓட்டட்டும். நீயும் பார், திட்டிக்கொண்டாவது பார்.

அப்பாவுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அரைநாள்தான். கல் தூக்கக் கூடாது, அழுத்துகிற வேலைக்குப் பையன்கள் இருக்கிறார்கள். சாயம் கலந்து கொடுக்க வேண்டும், அச்சுத் தூக்குவதைக் கற்றுக்கொடுக்க வேண்டும், மதியம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கீழத்தெருக்காரரும் சரி என்றார். ஆனால் அப்பா அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? "மகனைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் கேட்டு வேலைக்குப் போனதில்லை. எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை.

பொங்கலுக்கு முன் பதில் சொல்ல வேண்டும். அவராக உன்னிடம் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. நான் எழுதினேன் என்று சொல்லாதே. "போயிட்டு வாங்கப்பா, அந்தக் கானாடுகாத்தான் கல்லை நான் வரும்போது எனக்குக் காட்டுங்க" என்று மட்டும் சொல். அப்புறம், தோளில் மாட்டுகிற பட்டை ஒன்று சிங்கப்பூரில் நல்லதாகக் கிடைக்கும் என்கிறார்கள். வலது தோளுக்கு, நடுத்தர அளவு. யாராவது ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா