ஜப்பான்காரன் காலத்தை மேடையேற்ற உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். 1942 முதல் 1945 வரை சிங்கப்பூர் ‘சியோனான்’ என்ற பெயரில் ஜப்பானியர் பிடியில் இருந்த காலத்தை, சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் கூடத்திலிருந்தே சொல்ல முயன்ற எங்கள் நாடகம் சென்ற வாரம் நல்லபடியாக அரங்கேறியது. அதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, தொண்ணூறு வயதைத் தாண்டிய அந்தப் பாட்டியம்மாவுக்கு. எங்கள் முதல் பிரதியில் குண்டுச் சத்தமும் பட்டாளமும் மட்டுமே இருந்தன. வாசித்துக் காட்டியதைப் பொறுமையாகக் கேட்டவர், “எல்லாம் சரி தம்பி, அந்த வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?” என்றார். அத்துடன் விடாமல் ஒத்திகைக்கே வந்து, மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துத் துருவி, சாற்றைப் பிழிந்தெடுத்து, வாழையிலையில் தட்டி அடையாகச் சுடும் பக்குவத்தை எங்கள் நடிகைக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் காட்சியில் வசனமே இல்லாமல் நடிகை கிழங்கு துருவியபோது அரங்கில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் குரல் தந்து சென்ற முதியோருக்கும் கடன்பட்டுள்ளோம். ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரப் படம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டு மதிப்பிழந்த கதையும், தோக்கியோ நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்தள்ளியதால் ஏழு மணி அடித்தும் விடியாத காலைகளும் இல்லையென்றால் எங்கள் மேடையில் ஊர் இருந்திருக்காது. 1943 அக்டோபர் 21 அன்று கேத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்த செய்தி கேட்டுப் பூரிக்கும் மகனையும், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் வேலை செய்யப் போய்த் திரும்பாத அண்ணனுக்காகக் காத்திருக்கும் அண்ணியையும் ஒரே கூடத்தில் நிறுத்தாமல் அக்காலத்தைச் சொல்வது நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் பங்சாவான் என்ற மலாய் இசைநாடக மேடைகளைப் பற்றிச் சொல்லி, அந்தப் பாணியில் பாடவும் பயிற்றுவித்த மலாய்ப் பெரியவருக்கு நன்றி. பங்சாவானுக்கு வித்திட்டது இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகம் என்று அவர் சொன்ன பிறகே, அந்தப் பாட்டு எங்கள் தமிழ் வீட்டுக் கதைக்குள் இயல்பாக நுழைந்தது.

தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரத்தை நம்பி இரவல் கொடுத்த தேக்கா கடைக்காரர் குடும்பத்துக்கும் நன்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை, முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்து, நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
நாடகக் குழுவின் சார்பில் இயக்குநர்