ஓவிய வகுப்பு: அடுத்த மூன்று வாரத்துக்கான வேலைகள்

ஓவிய ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதல் வாரம் மெழுகும் நீர்வண்ணமும். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுக் கிரயானால் நன்றாக அழுத்தி வரையச் சொல்லுங்கள். அப்போது ஒன்றுமே தெரியாது. மேலே நீலத்தை நீர்க்கக் கரைத்துப் பூசியதும், மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகி, கோடு பளிச்சென்று எழுந்து வரும். அந்த நொடியில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அதற்காகவே இதை முதலில் வைத்தேன். ஈரம் இருக்கும்போதே நாலைந்து கல்லுப்பைப் போட்டால், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிர் பூ விரியும். தாளில் தண்ணீர் தேங்கி நின்றால் உப்பு கரைந்துவிடும். மினுமினுப்பு அடங்கத் தொடங்கும் நேரம்தான் சரி. முழுக்கக் காய்ந்தபின் தட்டிவிடலாம். மெல்லிய தாள் சுருண்டுவிடும், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் நல்லது.

இரண்டாம் வாரம் புள்ளி ஓவியம். 1880களில் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சேரா கையாண்ட முறை. தூரிகை வேண்டாம், காது குடையும் பஞ்சுக்குச்சி போதும். சிவப்பையும் மஞ்சளையும் கலக்காமல் நெருக்கமாகப் புள்ளி வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்க்கட்டும். ஆரஞ்சு தெரியும்.

அப்புறம் மூன்றாம் வாரம், ஆளுக்கொரு துண்டு வரைந்து ஒட்டும் சுவர் ஓவியம்.

ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் படத்தில் நம் தூரிகை படவே வேண்டாம். திருத்தம் காட்ட வேண்டுமென்றால் தனித்தாளில் காட்டுங்கள்.

எத்தனை தாள் தேவை என்று வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.