தை முகூர்த்தத்துக்கு மல்லிதான் வேணும்னு அடம் பிடிக்கணுமா?

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்,

வருஷா வருஷம் தை முகூர்த்தம் வந்தா உங்க பேப்பர்ல ஒரு நியூஸ் தவறாம வந்துடுது, மல்லி விலை கிடுகிடு, கிலோ மூவாயிரத்தைத் தாண்டுச்சு, பெண்கள் கவலைன்னு, கூடவே மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போட்டோ ஒன்னு. அதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு சிரிப்புதான் வருது. தை மாசத்துல மல்லி அவ்வளவா பூக்காதுய்யா, அவ்வளவுதான் விஷயம், இதுல அதிசயம் என்ன இருக்கு.

நான் நிலக்கோட்டை பக்கம் மல்லித் தோட்டத்துல பொறந்து வளந்தவ. எங்க அப்பா கார்த்திகை கடைசி மார்கழியில செடியை கவாத்து பண்ணிடுவாரு, தோட்டமே மொட்டையா குச்சி குச்சியா நிக்கும், பனி இருக்குற வரைக்கும் மொட்டு பேருக்குத்தான் இருக்கும், மாசியில துளுத்து பங்குனி சித்திரைக்கு வந்தா அப்புறம் புடிச்சு நிறுத்த முடியாது. விடியக்காலம் நாலு மணிக்கு நெத்தியில டார்ச் லைட்டைக் கட்டிக்கிட்டு நாங்க அக்கா தங்கச்சி எல்லாரும் இறங்குவோம், மடி நிறைய நிறைய எடுத்தாலும் தீராது. அந்த நேரத்துல மார்க்கெட்ல விலை எப்படி இருக்கும் தெரியுமா, எடுப்புக் கூலிக்குக் கூட கட்டாத நாளெல்லாம் உண்டு, சென்ட் கம்பெனிக்காரன் கேட்ட விலைக்கு அள்ளிப் போட்டுட்டு வருவாரு அப்பா. மீனாட்சிக்கே சித்திரையிலதான் கல்யாணம், மல்லி கொட்டிக் கெடக்குற மாசம். நாமதான் பனியில கல்யாணத்தை வச்சிக்கிட்டு மல்லிக்கு அலையுறோம்.

இவ்வளவு தெரிஞ்ச நானே என் மூத்த மக கல்யாணத்துல ஏமாந்தேன், அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

தை மாசம் முகூர்த்தம். மேடை டெக்கரேஷனுக்கு ஒருத்தர்கிட்ட பேசினோம், பேரு வேணாம். ஆல்பத்தைக் காட்டினாரு, தீம்னாரு, பேஸ்டல் கலர்னாரு, ஆர்கிட், கார்னேஷன் இன்னும் வாயில நுழையாத பேரு நாலஞ்சு சொன்னாரு, ஒன்னேகால் லட்சத்துல பேக்கேஜ் முடிஞ்சுது. நான் மெதுவா, தம்பி இப்ப செவ்வந்தி நல்லா வருதே, கோழிக்கொண்டை இருக்கு, சம்பங்கி எப்பவும் இருக்கு, அதுல பண்ணக் கூடாதான்னு கேட்டேன். மக என்னை ஒரு பார்வை பாத்தா, அம்மா அதெல்லாம் சாமி படத்துக்குப் போடுறதுன்னு. சம்பந்தியம்மா அதுக்கு மேல, செவ்வந்தி, கேந்திப்பூவெல்லாம் ஆயுத பூஜைக்கு லாரிக்குக் கட்டுறதுன்னாங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன்.

கல்யாணத்தன்னிக்கு காலையில மேடைக்குப் பின்னாடி போயி பாத்தா பாதி பூ பிளாஸ்டிக். முன் வரிசையில மட்டும் நிஜப் பூ, மேல கை எட்டாத இடமெல்லாம் துணிப் பூவும் பிளாஸ்டிக் இலையும். நிஜப் பூவும் பச்சையா செங்கல் மாதிரி இருக்கே அந்த ஃபோம்ல குத்தி வச்சது, விரல்ல தொட்டா மாவு மாதிரி உதிருது, அதுவும் ஒரு வகை பிளாஸ்டிக்தான், மக்காது. கீழே பந்தியில பாத்தா வாழையிலை, டம்ளர் கூட எவர்சில்வர், 2019 ஜனவரியில இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடைன்னு மண்டபத்துக்காரர் போர்டு வேற மாட்டியிருக்காரு. மேடை மட்டும் முழுக்க பிளாஸ்டிக், அதை யாரும் கண்டுக்கல.

இன்னொன்னு, பொண்ணு தலைக்கு மல்லின்னு சொல்லி வாங்கின சரத்தை நான் மோந்து பாத்தேன், வாசமே இல்ல. பாக்க மல்லி மாதிரியே இருக்குற காக்கட்டான். மல்லி விலைக்கு காக்கட்டானை வித்துட்டாங்க, பூந்தோட்டத்துக்காரன் மகளுக்கே. சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல.

மறுநாள் மண்டபத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போனேன். பின்பக்கம் குப்பை குவிஞ்சு கெடந்துச்சு, ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா உக்காந்து ஒவ்வொரு பூவா கம்பியை உருவிக்கிட்டு இருந்தாங்க, மாடு வந்து வாய வைக்குதுன்னு. வாசல்ல கட்டின வாழை மரத்தையும் தென்னங்குருத்து தோரணத்தையும் அந்த மாடு சாப்பிட்டு முடிச்சிருச்சு, அதுக்கு யாரும் கம்பி உருவத் தேவையில்ல.

நான் மல்லி வேணாம்னு சொல்லல அய்யா. மதுரை மல்லின்னு 2013ல புவிசார் குறியீடு வாங்கின பூ, இதழ் தடிப்பா மத்த ஊரு மல்லியை விட கூடுதலா தாங்கி நிக்கும், எங்க ஊரு பெருமை. ஆனா அதுக்குன்னு ஒரு மாசம் இருக்கு, ஒரு நேரமும் இருக்கு. மொட்டா எடுக்குற பூ சாயங்காலம்தான் விரியும், அப்ப ரிசப்ஷனுக்கு சரியா இருக்கும், காலையில ஆறு மணி முகூர்த்தத்துக்கு அதே பூ நேத்து பூவாயிடும், ஓரம் செவந்து போயி. எடுத்த பூவை ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டு வந்தாலும் வாசம் பாதிதான்.

தையில என்ன பூக்குதுன்னு பாருங்க. செவ்வந்தி மஞ்சள், வெள்ளைன்னு வருது, ரெண்டு மூனு நாள் வாடாம நிக்கும், ஃபோமும் வேணாம் ஒன்னும் வேணாம், வாழைநாரை தண்ணியில ஊறப்போட்டு கட்டுனா போதும். தலைக்கு டிசம்பர் பூ, ஊதா கலர்ல அவ்வளவு அழகா இருக்கும், வாசம் இல்லன்னா நடுவுல மரிக்கொழுந்தை வச்சு கட்டுங்க, பக்கத்துல போனாலே மணக்கும். எங்க அம்மா கல்யாண போட்டோல அப்படித்தான் வச்சிருக்காங்க, கருப்பு வெள்ளை போட்டோங்கிறதால கலர் தெரியல, அம்மா சொல்லித்தான் தெரியும். சாமிக்குப் போடுற பூ, சாவுக்குப் போடுற பூன்னு பேசுறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், கல்யாண மாலைக்கும் சாவு மாலைக்கும் ரெண்டுக்குமே சம்பங்கிதான் உள்ளே இருக்கு, யாரும் அதைக் கேட்டதில்ல.

காசும் அப்படியே ஊருக்குள்ள நிக்கும். ஆர்கிட் தாய்லாந்துல இருந்து ஃப்ளைட்ல வருது, அந்தக் காசு நம்ம பக்கத்து செவ்வந்திக்காரனுக்குப் போகப் போறதில்ல. பொங்கல் முடிஞ்சு விலை இறங்குனதும் அவன் பூவை ரோட்டோரம் கொட்டுறதையும் நீங்களேதான் போட்டோ போடுறீங்க. அதே வாரத்துல மல்லி மூவாயிரம்னும் போடுறீங்க. ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்டுப் பாருங்களேன்.

என் வேண்டுகோள் இதுதான். தங்கம் விலை தினமும் போடுறீங்க, முகூர்த்த நாள் லிஸ்ட் போடுறீங்க. அது பக்கத்துலயே இந்த மாசம் நிலக்கோட்டை, மாட்டுத்தாவணி, சத்தியமங்கலம், தோவாளை மார்க்கெட்டுக்கு எந்தப் பூ அதிகமா வருது, என்ன விலைன்னு நாலு வரி போடுங்க. தேதி குறிக்கிறவங்க அதைப் பாத்துட்டு பூவை முடிவு பண்ணட்டும்.

சின்னவளுக்கு இப்ப வைகாசி முகூர்த்தத்துக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ளை வீட்டுல தையிலேயே வச்சிக்கலாமான்னு கேட்டாங்க, எங்க வீட்டுக்காரர் தலையாட்டப் போனாரு, நான்தான் குறுக்க விழுந்து வேணாம்னேன். எங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன், முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலம் எடுத்த பூ நேரா மண்டபத்துக்கு வரணும், ஒரு மொட்டு கூட மார்க்கெட்டுக்குப் போகக் கூடாதுன்னு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருமங்கலம்