அது நீலக் குதிரை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அரபுக் குதிரைகள் பற்றிய பழைய கையெழுத்துச் சுவடிகளுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் மொழிபெயர்ப்பில் சில இடங்கள் உறுத்தின, சொல்லாமல் விட மனம் வரவில்லை.

குஹைலான், சக்லாவி, அபையான் எல்லாமே தனித்தனி 'இனங்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். இனம் ஒன்றுதான், அரபுக் குதிரை. இவை அதற்குள் தாய்வழியாக இறங்கி வருகிற கிளைகள். தாய் எந்தக் கிளையோ குட்டியும் அதே கிளைதான், தகப்பன் எவ்வளவு பேர்போன குதிரையாக இருந்தாலும் சரி. அரபுப் பாலைவன நாடோடிகளான பதூயின்கள் இதை 'ரசன்' என்கிறார்கள், குதிரையின் தலைக்கயிற்றுக்கும் அதே சொல்தான். தமிழில் 'கொடிவழி' என்று அழகான சொல் இருக்கும்போது 'இனம்' எதற்கு?

அப்புறம் மொழிபெயர்ப்பில் வந்த அந்த 'நீலக் குதிரை'. அரபியில் 'அஸ்ரக்' என்றால் நீலம், உண்மைதான். ஆனால் குதிரையைப் பற்றிப் பேசும்போது பதூயின் வாயில் அது சாம்பல் வெள்ளை. பிறக்கும்போது கருத்தோ சிவந்தோ இருந்து, வருஷம் போகப் போக நரைத்து வெளுக்கிற குதிரை அது. 'முதிய குஹைலா' என்று போட்டிருப்பதும் அப்படித்தான், குஹைலா என்றால் குஹைலான் கிளைப் பெண் குதிரை. 'குஹைலத் அல் அஜூஸ்' என்பது கிழவியின் குஹைலா. வயது அந்தப் பாட்டிக்கு, குதிரைக்கு இல்லை! ஒரு கொடிவழியின் பெயரையே கிழட்டுக் குதிரையாக்கிவிட்டோமே என்று படித்தபோது கஷ்டமாக இருந்தது.

எகிப்தை 1848 முதல் 1854 வரை ஆண்ட அப்பாஸ் பாஷா, பதூயின் கூட்டங்களுக்கு ஆள் அனுப்பி, எந்தக் குதிரை யாரிடமிருந்து யார் கைக்குப் போனது, எந்தக் கொள்ளையில் பறிபோனது என்றெல்லாம் கேட்டு எழுதவைத்தார். அந்தச் சுவடியைக் குல்சுன் ஷெரீஃபும் ஜூடித் ஃபோர்பிஸும் ஆங்கிலமாக்கி, அது 1993இல்தான் புத்தகமாக வந்தது. கூடாரத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொன்ன சாட்சியம் அரபி எழுத்தாகி, ஆங்கிலமாகி, அங்கிருந்து தமிழுக்கு வருகிறது, ஒவ்வொரு படியிலும் ஏதாவது உதிரத்தான் செய்யும். அதனால்தான் கேட்கிறேன், அடுத்த முறை ரசன், அஸ்ரக் போன்ற சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பொருள் கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன் அரபி படித்த ஒருவரிடம் ஒருதரம் காட்டுங்கள். அந்தக் கிழவியின் குஹைலாவுக்கு ஒரு சின்னத் திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்