உங்கள் கணினிகளில் நாங்கள் எதைத் திறக்கப் போகிறோம், எதை மூடப் போகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த பராமரிப்பின்போது உங்கள் கணினிகளிலும் சர்வர்களிலும் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்கும் நிர்வகிப்பதற்குமான அமைப்புகளை மாற்றப் போகிறோம். விவரம் தெரிந்து நீங்கள் சரி சொன்ன பிறகே கை வைப்போம். அதற்காகத்தான் இந்த மடல்.

கணினியின் நிலையைப் பார்ப்பது வேறு, உள்ளே வந்து மாற்றுவது வேறு. வேலை சுலபம் என்று பலர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அனுமதியை வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் தனித்தனியாகவே கேட்போம்.

கண்காணிப்பில் எங்களுக்கு வந்து சேர்பவை இவ்வளவுதான்: டிஸ்கில் மிச்சமிருக்கும் இடம், டிஸ்க் பழுதாகப் போவதற்கான அறிகுறிகள், வெப்பநிலை, நெட்வொர்க் போக்குவரத்தின் அளவு, நேற்றிரவு பேக்கப் முடிந்ததா இல்லையா. உங்கள் திரையோ கோப்புகளோ மின்னஞ்சலோ இதில் வராது. பேக்கப் நின்றுபோனதை அன்றைக்கே கவனித்தால் சின்ன வேலை. டிஸ்க் செத்த பிறகு தெரிந்தால் போன தரவு போனதுதான்.

சர்வர், ரௌட்டர், ஸ்விட்ச், பிரிண்டர் ஆகியவற்றிலிருந்து இந்தத் தகவல்களை எடுக்கப் பெரும்பாலும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையைத்தான் பயன்படுத்துகிறோம். 1988 முதல் புழக்கத்தில் இருப்பது அது. அதன் முதல் பதிப்பிலும் அடுத்து வந்த வி2சி பதிப்பிலும் கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு சொல் இருக்கும். அது மறைக்கப்படாமல் அப்படியே நெட்வொர்க்கில் போகும். பல கருவிகள் அந்த இடத்தில் ‘பப்ளிக்’ என்ற சொல்லோடுதான் வருகின்றன. மாற்றாமல் விட்டால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எழுதும் அனுமதியும் திறந்திருந்தால் அமைப்பையே மாற்றிவிடலாம். ஆகவே மூன்றாம் பதிப்பான வி3ஐ ஏற்கும் கருவிகளில் அதையே வைத்து, அடையாளச் சரிபார்ப்பு, மறையாக்கம் இரண்டையும் இயக்குவோம். ஏற்காத பழைய பிரிண்டர் போன்றவற்றில் சொல்லை மாற்றி, படிக்கும் அனுமதி மட்டும் தருவோம். எஸ்.என்.எம்.பி. கேள்விகள் வந்து சேரும் 161ஆம் போர்ட் (கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) எங்கள் கண்காணிப்பு சர்வருக்கு மட்டும் பதில் சொல்லும்படி, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் கட்டுப்படுத்துவோம்.

அப்புறம், உள்ளே வந்து வேலை செய்யும் வழி. எங்களுக்கு அதிகக் கவலை தருவது இதுதான். தொலைவிலிருந்து கணினியின் திரையைத் திறந்து வேலை செய்ய உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் 3389ஆம் போர்ட்டில் இயங்குகிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி என்று ரௌட்டரில் அந்தப் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்தால், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் வந்து முட்டும். போர்ட் எண்ணை மாற்றிவிட்டோம் என்பதும் பாதுகாப்பாகாது. தேடுகிறவர்கள் எல்லா எண்களையும் தேடுவார்கள். 2019இல் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, கடவுச்சொல்லே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வரலாம் என்ற நிலை. ஆதரவை எப்போதோ நிறுத்தியிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே இந்தப் போர்ட் வெளியே திறந்திருந்தால் மூடிவிடுவோம். வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் வி.பி.என். (இணையத்தின் ஊடே போடும் மறையாக்கப்பட்ட தனிவழி) வழியாக, கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்போடு வர வேண்டும். தினமும் ஒரு படி கூடும், உண்மைதான். இதில் மட்டும் விதிவிலக்குக் கேட்காதீர்கள்.

சில அலுவலகக் கணினிகளில் இன்டெல் ஏ.எம்.டி. (AMT) என்ற வசதி சிப்பிலேயே இருக்கிறது. கணினியை அணைத்து வைத்திருந்தாலும் மின்சாரம் இருந்தால் தொலைவிலிருந்து இயக்க இது உதவும். பயன்படுத்துவதாக இருந்தால் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுவோம், இல்லையென்றால் முடக்கிவிடுவோம். இரவில் அப்டேட் போடக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் அமைப்பை, நீங்கள் கேட்கும் கணினிகளில் மட்டும் இயக்குவோம்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிலை மேலாண்மை மென்பொருளிலிருந்த ஓட்டை வழியாக, அதைப் பயன்படுத்திய பராமரிப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கே பிணைத்தொகை கேட்கும் வைரஸ் போய்ச் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 800 முதல் 1,500 வரை என்று கசேயாவே சொன்னது. எங்களைப் போன்றவர்களிடம் இருக்கும் சாவி திருடுபோனால் உங்கள் வாசலும் சேர்ந்து திறக்கும். அதனால் எங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, கட்டாய இரட்டைச் சரிபார்ப்பு. யார், எப்போது, எந்தக் கணினிக்குள் வந்தார் என்ற பதிவு உங்களிடமும் இருக்கும். உங்கள் பேக்கப்பின் ஒரு பிரதி, எங்கள் மென்பொருளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறோம்.

எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அழைத்து, ஒரு செயலியை நிறுவுங்கள் என்றாலோ ஓ.டி.பி. கேட்டாலோ அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஒப்பந்தத்தில் உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள். உள்ளே வருமுன் திரையில் அனுமதி கேட்போம். நீங்கள் ‘சம்மதம்’ அழுத்திய பிறகே வருவோம். சர்வர்களுக்கு மட்டும் நேரத்தை முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

எந்தக் கணினிகளைக் கண்காணிக்க மட்டும் விடுகிறீர்கள், எவற்றில் உள்ளே வர அனுமதிக்கிறீர்கள், எவற்றைத் தொடவே கூடாது என்று பிரித்து ஒரு பட்டியல் அனுப்புங்கள். கணக்கு, சம்பளம் பார்க்கும் கணினிகளை அந்தந்தப் பொறுப்பாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பட்டியல் வந்ததும் நாள் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழுவினர்