கறிவேப்பிலைக்கு முதல் காசு

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்கைக் காய்கறிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றையும் இயற்கை அங்காடியில் வாங்க மாதச் சம்பளக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எதை முதலில் மாற்றுவது என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கேள்வி.

அதற்கு விடையாக, எதில் பூச்சிமருந்து எச்சம் அதிகம், எதில் குறைவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடுவது. ஸ்ட்ராபெர்ரி ஆகாது, அவகேடோ பரவாயில்லை என்கிறது. நம் வீட்டில் யார் தினமும் ஸ்ட்ராபெர்ரி தின்கிறார்கள்? அதில் திராட்சை நமக்கும் பொருந்தும். சாம்பல் நோய்க்குப் பயந்து கொடிக்குத் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். நாமோ தோலோடு சாப்பிடுகிறோம்.

என் கணக்கில் முதலிடம் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினாவுக்கு. தாளிப்பில் போட்டதை ஒதுக்கிவிடலாம். துவையலும் பொடியும் அப்படியா? முழு இலையும் வயிற்றுக்குள் போகிறது. கட்டுக்கு ஐந்து பத்து ரூபாய் கூடினாலும் பட்ஜெட் உடையாது. கறிவேப்பிலையை மாடித் தொட்டியில் வைத்துவிட்டால் அந்தச் செலவும் இல்லை.

அடுத்து கத்தரிக்காய். அதன் புழு காயைத் துளைத்து உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. அதனால் போகும் முன்பே கொல்ல வேண்டும் என்று விவசாயி விடாமல் அடிக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சொத்தைக் கத்தரியைத் தொடாமல் பளபளப்பாகப் பொறுக்குவது நாம்தானே. காலிஃப்ளவரும் இதே ரகம். மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்கினால் புழு வெளியே வரும்; செடிக்குள் ஊடுருவிய மருந்து வராது. வெண்டையையும் பச்சை மிளகாயையும் இந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

தேங்காய், வாழைக்காய், சேனை, வெங்காயம், பூசணி இவற்றுக்கு நான் கூடுதல் காசு கொடுப்பதில்லை. எப்படியும் தோலைச் சீவியோ உரித்தோதான் சமைக்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். உழவர் சந்தையில் வாங்கினாலே இயற்கைக் காய் என்று பலர் நினைக்கிறார்கள். அது விவசாயி நேரடியாக விற்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் விளைவித்தவரே எதிரில் இருப்பதால், "கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" என்று கேட்கலாம். நான் கேட்பேன். சிலர் முறைப்பார்கள். ஒரு அம்மா மட்டும், "இது போன வாரம் அடிச்சது கண்ணு, அந்தப் பாத்தி கீரையை எடுத்துக்க" என்று பக்கத்துக் கூடையைக் காட்டினார். அந்தப் பதில் எந்த முத்திரையிலும் கிடைக்காது. கடையில் பாக்கெட்டாக வாங்குவதென்றால், சும்மா 'நேச்சுரல்' என்று அச்சடித்திருப்பதை நம்பாமல் இயற்கை விளைபொருளுக்கு அரசு அங்கீகரித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் ஒரு இல்லத்தரசியின் ஊகக் கணக்குதான். ஊகிக்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் கடைக் காய்கறிகளைச் சோதித்து, எதில் எந்த மருந்தின் எச்சம் இருந்தது என்று வெளியிடுகிறது. நம் ஊர்ச் சந்தைகளின் சோதனை முடிவும் அதேபோல் மாதாமாதம், காய்வாரியாக, தமிழில் வர வேண்டும். தக்காளி விலையைத் தினமும் போடும் தங்கள் பத்திரிகை, அந்த முடிவுகளையும் அரசிடம் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே ஒரு கட்டமாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை