மாலைக்கு முன் மாதிரிச் சீட்டு: மெல்பேர்ன் தமிழ் அமைப்புகளுக்கு

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கவுன்சில் (உள்ளூராட்சி) தேர்தல் வந்துவிட்டால் உங்கள் மேடைகளில் வேட்பாளர்களுக்கு மாலை விழுகிறது. வாக்குச்சீட்டை நிரப்புவது எப்படி என்று சொல்ல மட்டும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. 2028 அக்டோபர் தேர்தலுக்கு முன்பாவது இந்த வரிசையை மாற்றுங்கள்.

2024இல் விக்டோரியா மாநிலம் முழுவதும் தபால் வாக்குத்தான். சாவடி இல்லை, பக்கத்தில் கேட்க அலுவலரும் இல்லை. கூட்டாட்சித் தேர்தலின் செனட் (மேலவை) சீட்டில், கட்சிகள் உள்ள கோட்டுக்கு மேல் பகுதியில் ஆறு கட்டத்தில் எண் போட்டால் போதும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் இரண்டு மூன்று எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். டாண்டினோங் கவுன்சில் போல வட்டாரத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் இடத்தில் அது செல்லாத வாக்கு. ஏழு பேர் நின்றால் விருப்ப வரிசையில் 1 முதல் 7 வரை எழுதவேண்டும், ஒரே எண் இரண்டு தடவை வரக்கூடாது. சீட்டோடு வரும் வேட்பாளர் கையேட்டில் பென்சிலால் முதலில் எழுதிப் பார்த்தால் இந்தப் பிழை வராது.

அடுத்தது உறை. சீட்டை அதற்குரிய உறையில் இட்டு, மடிப்பில் உள்ள உறுதிமொழியில் கையெழுத்திட்டு, பிறகுதான் தபால் உறைக்குள் வைக்கவேண்டும். நான்கு வாக்காளர் உள்ள வீட்டில் உறைகள் மாறும். அம்மாவின் பெயருள்ள மடிப்பில் மகன் கையெழுத்து வைத்தால் அம்மாவின் வாக்கு போச்சு. ஆளுக்கொரு உறையாக, ஒருவர் முடித்தபின் அடுத்தவர் எடுப்பதே நல்லது.

தேதியிலும் குழப்பம். 2024இல் நவம்பர் 1 நண்பகல் வரை வந்துசேர்ந்த உறைகள் ஏற்கப்பட்டன. ஆனால் கையெழுத்திட்டு அனுப்பும் கெடு அக்டோபர் 25 மாலை 6 மணி. நவம்பர் 1ஐ மட்டும் வானொலியில் சொன்னால் ஆளைக் கவிழ்ப்பதாகிவிடும்.

"மேயர் பெயர் எங்கே?" என்று தேடுவோரும் உண்டு. மெல்பேர்ன் மாநகரசபையில் மட்டும்தான் மேயரையும் துணை மேயரையும் ஒரே அணியாக மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். மற்ற இடங்களில் கவுன்சிலர்கள் கூடித் தெரிவு செய்வார்கள்.

குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்களையும் மறக்கவேண்டாம். சொந்த வீட்டில் இருந்து ரேட்ஸ் (கவுன்சில் வரி) கட்டுபவர், வாக்காளர் பட்டியல் மூடுமுன் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தால் வாக்களிக்கலாம். தானாகப் பெயர் சேராது. இதை எங்கள் சனத்தில் பலரும் அறியார்.

தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் காத்திருக்கும் நேரத்தில், கற்பனைப் பெயர்கள் போட்ட மாதிரிச் சீட்டும் இரண்டு உறையும் கொடுத்து நிரப்ப வையுங்கள். வேட்பாளர் பிரசுரம் அந்த மேசைக்கு வரக்கூடாது.